மேகத்திலும் கதவுகள் உண்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, ஆனா எல்லாருக்கும் புரியிற மாதிரி பேசு" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். என் தொழில், கிளவுடில் இருக்கும் கணிப்பொறிகளில் பாதுகாப்பு ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வது. அதற்கென ஒரு ஸ்கேனரை எப்படி நிறுவுகிறோம், அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன்.

முதலில் கிளவுட் என்றால் என்ன? பெயரைக் கேட்டால் ஆகாயத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது வேறொருவர் கட்டடத்தில், வேறொருவர் மின்சாரத்தில் ஓடும் கணிப்பொறிதான். மைக்ரோசாஃப்ட் 2015-இல் இந்தியாவில் அசூர் சேவையைத் தொடங்கியபோது சென்னையையும் ஒரு மையமாக வைத்தது. அமேசான் 2016-இல் மும்பையில் தொடங்கியது. இங்கே வரதராஜன்பேட்டையில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவர் கணக்கு எழுதும் மென்பொருளும் இன்று அப்படி ஓர் இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

"பெரிய கம்பெனிதானே, பாதுகாப்பை அவங்களே பார்த்துக்குவாங்க" என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வாடகை வீட்டை நினைத்துப் பாருங்கள். சுவரும் கூரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. கதவைப் பூட்டுவது யார் பொறுப்பு? குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடம், மின்சாரம், அடிப்படை எந்திரங்கள் அவர்களுடையவை. நாம் எடுத்த கணிப்பொறியில் போட்ட இயங்குதளம், மென்பொருள், கடவுச்சொல், யாருக்கு அனுமதி என்பதெல்லாம் நம் கணக்கில்தான் வரும்.

அந்தப் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பதுதான் ஸ்கேனர். ராத்திரி கூர்க்கா விசில் ஊதிக்கொண்டே கடைத்தெருவில் ஒவ்வொரு பூட்டையும் ஆட்டிப் பார்ப்பாரே, அந்த வேலைதான். 1995-இல் டான் ஃபார்மர், வீட்ஸே வெனிமா என்ற இருவர் 'சாட்டன்' என்ற ஸ்கேனரை வெளியிட்டபோது, திருடனுக்கும் இது உதவுமே என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 1998-இல் ரெனோ டெரெய்சன் 'நெஸஸ்' என்ற மென்பொருளை எழுதினார். 1999-இல் உலகத்தில் தெரியவரும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொது எண் கொடுக்கும் சி.வி.இ. பட்டியல் வந்தது. 2024-இல் மட்டும் அந்தப் பட்டியலில் 40,000-ஐத் தாண்டிய எண்கள் சேர்ந்தன. மனிதன் உட்கார்ந்து படித்து முடிக்கக் கூடிய கணக்கா இது?

முன்பெல்லாம் ஸ்கேனர் ஒரு பெட்டியாக வரும். அலமாரியில் மாட்டி, கேபிள் சொருக வேண்டும். கிளவுடில் பெட்டியைக் கொண்டுபோய் மாட்ட முடியாது. ஆகவே அதே ஸ்கேனரை ஒரு வட்டு நகலாகக் கொடுக்கிறார்கள். கிளவுட் நிறுவனத்தின் கடைப் பட்டியலில் இருந்து அதை எடுத்து, ஒரு மெய்நிகர் கணிப்பொறியாக ஓட்டுகிறோம். அதுதான் விர்ச்சுவல் ஸ்கேனர். தொடங்கும்போது ஒரு பதிவு எண் கேட்கும். அதைக் கொடுத்தால் தன் தலைமையகத்தோடு தொடர்பு கொண்டு, புதிய சோதனைகளைத் தானே இறக்கிக்கொள்ளும். அதற்கு வெளியே போகும் 443 என்ற வாசல் திறந்திருந்தால் போதும். உள்ளே வருவதற்கு ஊருக்கெல்லாம் வாசல் திறக்க வேண்டியதில்லை.

இதுவரை அரை மணி நேர வேலை. இனிமேல்தான் பொறியாளர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஸ்கேனரை எங்கே வைப்பது? தெருவில் நின்று பார்த்தால் வாசல் கதவு மட்டும்தான் தெரியும். கொல்லைப்புறம் தெரியாது. ஆகவே வெளியே இருந்து ஒரு சோதனை, உள் வலையமைப்பிலேயே ஒரு ஸ்கேனரை வைத்து இன்னொரு சோதனை, இரண்டும் வேண்டும். ஒன்றோடொன்று இணையாத தனித்தனி வலையமைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேனர். நடுவில் ஃபயர்வால் இருந்தால் அது ஸ்கேனரின் கேள்விகளை விழுங்கிவிடும்.

இரண்டாவது, சாவி. உள்ளே நுழைந்து பார்க்க அனுமதிக் கணக்கு கொடுக்காவிட்டால், ஸ்கேனர் வெளியில் தெரிவதை வைத்து ஊகம்தான் செய்யும். கணக்கு கொடுத்தால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று நேராகப் படித்துச் சொல்லும். ஆனால் அந்தச் சாவி எல்லா வீட்டையும் திறக்கும் சாவி. அதைத் தாளில் எழுதி ஒட்டினால் கூர்க்காவே திருடனுக்கு வழிகாட்டியது மாதிரி ஆகிவிடும். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூன்றாவது, முகவரி. கிளவுடில் கணிப்பொறிகள் காலையில் பிறந்து மாலையில் மறைகின்றன. இன்று ஒரு கணிப்பொறிக்கு இருந்த ஐ.பி. முகவரி நாளை இன்னொன்றுக்குப் போய்விடும். முகவரியை வைத்து அறிக்கை எழுதினால் ராமன் செய்த தப்புக்குச் சோமனைக் கேட்பது போலாகும். ஆகவே கிளவுட் கொடுக்கும் அடையாள எண்ணை வைத்தே கணக்கு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்தால், நடுவில் பிறந்து மறைந்தவை கண்ணில் படாமலே போய்விடும். அவற்றுக்கு, கணிப்பொறி உருவாகும் மூல நகலிலேயே சோதனையைச் செய்துவிட வேண்டும்.

நான்காவது, எதை ஸ்கேன் செய்யக் கூடாது என்பது. நம்ம அரியலூர் சிமெண்ட் ஊர். ஆலைகளில் சூளையையும் அரைவை எந்திரத்தையும் ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகள் மிகவும் மென்மையானவை. எதிர்பாராத கேள்வி கேட்டால் சில பழைய கருவிகள் அப்படியே நின்றுவிடும். அலுவலகக் கணிப்பொறியைச் சோதிப்பது போல அதைச் சோதிக்கக் கூடாது. ஆலை நிறுத்தத்தின்போது, அந்தக் கருவியை அறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

இவ்வளவும் செய்து அறிக்கை வருகிறது. "ஓட்டை எதுவும் இல்லை" என்கிறது. சந்தோஷப்படலாமா?

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு கடன் தகவல் நிறுவனம். 2017 மார்ச் 7-ஆம் தேதி அபாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வந்தது. 48 மணி நேரத்தில் சரிசெய்யுங்கள் என்று நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் போனது. மார்ச் 15-ஆம் தேதி ஸ்கேனரையும் ஓட்டினார்கள். எதுவும் இல்லை என்றது. காரணம், அது மேல் அடைவை மட்டும் பார்த்தது. ஓட்டையுள்ள மென்பொருள் அதற்குள்ளே இருந்த துணை அடைவில் இருந்தது. மே 13-இல் தகவல் திருட்டு தொடங்கியது. ஜூலை 29-இல்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன. ஸ்கேனர் இருந்தது, ஓடியது, அறிக்கையும் கொடுத்தது. அது சரியான இடத்தைப் பார்த்ததா என்று யாரும் கேட்கவில்லை.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில் மாதாமாதம் அறிக்கை பூஜ்யம் பூஜ்யம் என்றே வந்துகொண்டிருந்தது. மேலாளருக்கு ஒரே மகிழ்ச்சி. போய்ப் பார்த்தால், ஸ்கேனருக்கும் கணிப்பொறிகளுக்கும் நடுவே ஒரு ஃபயர்வால் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டிருந்தது. ஸ்கேனர் ஒரு கணிப்பொறியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அன்று முதல் நான் எங்கே போனாலும், வேண்டுமென்றே பழைய மென்பொருள் போட்ட ஒரு சோதனைக் கணிப்பொறியைத் தனியே அடைத்து வைக்கிறேன். ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்தால்தான் மற்ற பூஜ்யங்களை நம்புவேன்.

ஸ்கேனருக்கே தெரியாத ஓட்டையும் உண்டு. 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்கர் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் தகவல்கள் கிளவுடிலிருந்து எடுக்கப்பட்டன. தவறாக அமைத்த ஒரு ஃபயர்வாலும், அதற்குத் தேவைக்கு மேல் கொடுத்த அனுமதியுமே காரணம். பதிப்பு எண்ணைப் பார்க்கும் ஸ்கேனருக்கு இது புலப்படாது. கிளவுட் கணக்கின் அனுமதிகளைத் தனியாகத் தணிக்கை செய்ய வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் முடக்கப்பட்டன. புறநோயாளிச் சீட்டு முதல் இரத்தப் பரிசோதனை வரை பல நாள் கையால் எழுதி ஓட்டினார்கள். வலையமைப்பை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. வரிசையில் நின்ற நோயாளிக்கு சர்வர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. ஆனால் அவதிப்பட்டது அவர்தான். அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். நம் கல்லூரியைப் போன்ற இடங்களில் மாணவர்களின் மதிப்பெண், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு எண், மாணவிகளின் கைபேசி எண் எல்லாம் கணிப்பொறியில்தான் இருக்கின்றன. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற ஒரு பெண்ணின் எண் தப்பானவர் கையில் சிக்கினால், "படிச்சது போதும், வீட்ல இரு" என்று அவள் படிப்பையே நிறுத்திவிடும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. கோடி ரூபாய் நஷ்டத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். 2005-இல் நெஸஸ் தன் மூல நிரலை மூடியபோது, அதன் திறந்த நிரலில் இருந்து கிளைத்த ஓப்பன்வாஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடும். ஆனால் தம்பிகளே, ஆர்வத்தில் யாரும் தனியாகத் தொடங்கிவிடாதீர்கள். உரிமையாளர் அனுமதியின்றி அடுத்தவர் கணிப்பொறிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி சட்டவிரோதம். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. முதல்வர் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கணிப்பொறி என்று அதில் இருக்க வேண்டும். கிளவுட் நிறுவனத்தின் சோதனை விதிகளையும் படித்துவிட வேண்டும்.

அறிக்கை வந்ததும் ஆயிரம் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து எட்டக்கூடியது, திருடர்கள் இப்போதே பயன்படுத்துவது, மாணவர் விவரம் இருக்கும் இடத்தில் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தவற்றை முதலில் அடைப்போம். அடைத்தபின் மறுபடி ஸ்கேன் செய்து உறுதி செய்வோம். மற்றவை வரிசையாக வரட்டும். அறிக்கையைக் காட்டி அலுவலகத்தில் யாரையும் திட்டவும் கூடாது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை கதவைத் திறந்து காட்ட மாட்டார்.

முதல்வர் அவர்கள் சம்மதித்தால், மாதம் ஒரு சனிக்கிழமை இதற்காக வர நான் தயார். என்னோடு இரண்டு பழைய மாணவர்களும், கணிப்பொறித் துறையின் நான்கு மாணவர்களும் சேர்ந்தால் போதும். அந்த நால்வரும் படித்து முடித்துப் போகும்போது ஒரு தொழிலையும் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள்.