மடியில் ஆடும் ஸ்பானிஷ்

அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பல வீடுகளில், தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு ஸ்பானிஷும் வரட்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பட அட்டைகள், செயலிகள், வீடியோக்கள் என்று எத்தனையோ விற்கின்றன. அவை எல்லாவற்றையும்விட, ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பாட்டிமார் ஆடிக்காட்டும் மடி விளையாட்டுகளையே நான் உயர்வாகச் சொல்வேன்.

‘அசெர்ரின் அசெர்ரான்’ என்றொரு ஆட்டம். குழந்தையை முகம் பார்க்க மடியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் பிடித்து, ரம்பம் இழுப்பதுபோல முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். நம் வீட்டுச் சாய்ந்தாட்டத்தின் தங்கை என்றே சொல்லலாம். பாட்டில் வருகிறவர்கள் ரொட்டி கேட்பார்கள், சீஸ் கேட்பார்கள். முடிவில் கழுத்தில் கிச்சுகிச்சு. நாலைந்து தடவை ஆடிய பிறகு, விரல் வருவதற்கு முன்பே குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொள்ளும். அந்த இடத்தில், கடைசிச் சொல்லைச் சொல்லாமல் சற்று நிறுத்துங்கள். குழந்தை உங்கள் வாயையே பார்க்கும். சொல் வரலாம், வெறும் சிரிப்போ துள்ளலோ வரலாம். எது வந்தாலும் அது பதில்தான். “இது என்ன, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுவிட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும்.

கீழே விழுந்து முட்டியில் அடிபட்டால் ‘சானா சானா’ பாட்டு. வலிக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே, தவளையின் வாலை அழைத்துப் பாடுவார்கள். அழுகை அடங்கும் நேரத்தில் காதில் விழுகிற மொழி அது. பிறகு அதே குழந்தை பொம்மையின் காலைத் தடவிப் பாடும். எந்த அட்டையால் இதைச் செய்ய முடியும்?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளை நேரில் விளையாடியவரிடம் கற்றார்கள். வீடியோவில் பார்த்தவர்கள் கற்கவில்லை. பின்னர் பார்பரா கான்பாயும் அவரும் ஸ்பானிஷை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில வீட்டுக் குழந்தைகளுடன் பொம்மை, புத்தகம் வைத்து 25 நிமிடம் வீதம் 12 அமர்வுகள். பொம்மையையும் சொல்லித்தருபவர் முகத்தையும் மாறிமாறி அதிகம் பார்த்த குழந்தைகளின் மூளைதான் ஸ்பானிஷ் ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தது. மடி விளையாட்டில் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதே!

ஆனால் ஆய்வில் அந்த 12 அமர்வுகளின் ஐந்து மணி நேரம் காதைத்தான் பழக்கியது. பேச்சு வர வேண்டுமானால் தொடர்ந்து பேச ஆள் வேண்டும். பெற்றோருக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டால், மெக்சிகோவில் பிறந்த பாடகர் ஹோசே-லூயிஸ் ஒரோஸ்கோ 1997இல் தொகுத்த ‘தியேஸ் தெதித்தோஸ்’ என்ற விரல் விளையாட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். உச்சரிப்புக்கு அவருடைய பாட்டுகளே இருக்கின்றன. முதலில் நீங்கள் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். பிறகு ஒலிப்பெட்டியை அணைத்துவிட்டு, குழந்தையை மடியில் வைத்து உங்கள் குரலிலேயே பாடுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு போதும்.