மௌனத்திலிருந்து மொழிக்கு: டி. பி. ராஜலட்சுமி



இம்மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் நிறுவனம் ‘கோவலன்’ என்னும் படத்தை உருவாக்கிற்று. அதில் நடித்தவர்களுள் ஒருவர், 1911இல் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி.

அத்தகைய படத்தை ‘ஊமைப்படம்’ என்கிறோம். பேசும்படம் வந்த பின்னரே இவ்வடைமொழி தேவைப்பட்டது. அதற்கு முன் ‘சலனப்படம்’ என்றாலே போதும். எனக்கு ‘மௌனப்படம்’ என்பதே உகந்ததாகத் தோன்றுகிறது. ஊமை என்பது பேச இயலாமை. மௌனம் என்பது பேசாதிருத்தல். ராஜலட்சுமி பேச அறிந்தவர், பாடவும் வல்லவர். சிறு வயதிலேயே நடந்த திருமணம் நிலைக்காமற்போகவே நாடக மேடை ஏறியவர் அவர். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு வசனத்தை ஒலிக்கப் பழகிய குரல், படத்தில் பயனற்றிருந்தது.

மௌனத்திற்கு ஒரு நன்மையும் உண்டு. திரையில் தோன்றுபவர் எம்மொழியினர் என்று எவரும் வினவவில்லை. பம்பாயில் தொலைபேசி நிலையத்தில் பணியாற்றிய யூதப் பெண் ரூபி மையர்ஸ், ‘சுலோசனா’ என்னும் பெயரில் இந்தியாவின் புகழ்மிக்க நடிகையானார். அவர் நடித்த இம்பீரியல் நிறுவனமே 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ என்னும் முதல் இந்தியப் பேசும்படத்தை வெளியிட்டது. நாயகியோ சுபைதா. இந்துஸ்தானி சரளமாக வாராத சுலோசனா சிறிது காலம் ஒதுங்கி, மொழியைக் கற்று, 1932இல் ‘மாதுரி’ பேசும்படத்தின் வழியே மீண்டார். முகம் அதுவே, ஆனால் நாவுக்குத் தேர்வு வைத்துவிட்டார்கள்!

ராஜலட்சுமிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அதே இம்பீரியல் உரிமையாளர் அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியாயிற்று. நாயகி ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் மறுமொழி கூறினார். இதனை இன்று நகைப்புக்குரியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முகபாவத்தையும் சைகையையும் கொண்டே கதையை உணர்ந்து பழகியிருந்த மக்களுக்குப் பாதி உரையாடல் புரிந்ததே மிகுதி. காளிதாசனைப் பற்றிய செவிவழிக் கதையிலும், கல்வியறிவற்ற மணமகனை மௌனமாக இருக்கச் செய்து, சைகைகளாலேயே அரசகுமாரியை ஏமாற்றுகிறார்கள் அல்லவா? படச்சுருள் இன்று கிடைக்கவில்லை என்பதே மொழி ஆய்வாளர்க்குப் பேரிழப்பு. முப்பதுகளின் மேடைத்தமிழ் எவ்வாறு ஒலித்தது என்பதற்குத் திரை தந்திருக்கக்கூடிய முதற்சான்று அது.

அப்படத்திற்குப் பின் ‘சினிமா ராணி’ என்று போற்றப்பட்ட அவர், பிறர் எழுதித் தந்ததைப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. 1936இல் தாம் எழுதிய புதினத்தையே ‘மிஸ் கமலா’ என்னும் படமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியத் திரையுலகில் இயக்குநர் பொறுப்பேற்ற முதற்பெண் அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.