சிறுநீர்க் கசிவும் கல மருத்துவமும்



இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது செயற்குழுவில் ஒருவர், "அக்கா, இதை வேற மாதிரிச் சொல்லேலாதா?" என்று கேட்டார். எப்படிச் சொன்னாலும் விஷயம் அதுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏற வேண்டுமென்றால் காலைத் தேத்தண்ணியையே விட்டுவிடும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போவதைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வைத்தியரிடம் வாய் திறந்தவர்கள்தான் குறைவு. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று அம்மாமார் சொல்லிவிட்டார்கள்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீர் வழியைச் சுற்றி வளையம்போல ஒரு தசை உண்டு. பிள்ளைப்பேறு, வயது, உடற்பருமன், நாட்பட்ட இருமல் இவற்றால் அதுவும் அதைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் தளர்ந்தால், தும்மும்போதும் சிரிக்கும்போதும் கசியும். திடீரென அவசரம் வந்து, கழிப்பறைக்குப் போகுமுன் கசிவது வேறு வகை. அதற்கு வைத்தியமும் வேறு.

தளர்ந்த தசையைத் தாங்க 1990களில் வலைநாடா வைக்கும் சத்திரசிகிச்சை வந்தது. பலருக்கு உதவியது. சிலருக்குத் தீராத வலியைக் கொடுத்தது. 2018 ஜூலையில் இங்கிலாந்து அதை இடைநிறுத்தியது. அந்நியப் பொருள் வேண்டாம், தசையையே புதிதாக வளர்க்கலாமே என்ற எண்ணம் அதற்கு முன்பே விஞ்ஞானிகளுக்கு இருந்தது. தொடையிலிருந்து சிறு தசைத்துண்டை எடுத்து, அதன் கலங்களை ஆய்வுகூடத்தில் சில வாரங்கள் பெருக்கி, அந்த வளையத் தசைக்குள் ஊசியால் செலுத்துவதுதான் முறை.

நம்மவர்கள் நிறையப்பேர் வாழும் ரொறன்ரோவில் இதன் ஆரம்பப் பரிசோதனை ஒன்று நடந்தது. 2008இல் வெளியான முடிவின்படி, எட்டுப் பெண்களில் ஐவருக்கு முன்னேற்றம். ஒருவருக்கே கசிவு முற்றாக நின்றது. அடக்கமான முடிவு, அதனாலேயே நம்பத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டு ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து மிகப் பிரமாதமான முடிவுகள் 'லான்செட்' சஞ்சிகையில் வந்திருந்தன. 2008இல் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. ஒழுக்கநெறி அனுமதியிலும் பெண்களிடம் சம்மதம் பெற்றதிலும் பாரிய குறைபாடுகள்; கட்டுரை சொன்னபடி அப்படியொரு பரிசோதனை நடந்ததா என்பதே சந்தேகமாயிற்று. அந்த ஊசிகளை ஏற்ற பெண்களைத்தான் நான் நினைத்துப் பார்ப்பேன்.

பின்னர் நடந்த ஒரு பெரிய பரிசோதனையில், ஒரு பகுதியினருக்குக் கலங்கள் இல்லாத வெறும் ஊசி போடப்பட்டது. அவர்களிலும் எதிர்பாராத அளவு பேர் "குறைந்துவிட்டது" என்றதால் பரிசோதனைக்கு ஆள் சேர்ப்பது இடையில் நிறுத்தப்பட்டது. ஆகவே "என்ர சிநேகிதிக்குச் சுகம் வந்தது" என்பது அத்தாட்சி ஆகாது. வெளிநாட்டுத் தோழியர் அனுப்பும் 'மூலக் கல ஊசி' விளம்பரங்களுக்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன். முறையான ஆய்வில் சேரும்படி கேட்டால் யோசிக்கலாம். ஆய்வுக்குக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் எழுதிய தசைப்பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் ஒரேநேரம் அடக்குவதுபோல உள்ளே இழுத்து, சில விநாடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். நம்மவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு "பலனில்லை" என்பார்கள். சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழக வேண்டாம். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று தெரியாவிட்டால் இயன்மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் பயிற்சியோடு நிற்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

இருந்த இடத்திலேயே, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல், இப்போதே ஒரு தடவை செய்து பார்க்கலாம். மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள்.