முதுமைக்கும் தோழமை வேண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெரார்கஞ்சிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினரே!

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே குமாஸ்தா நான். கலையைத் திறனாய்ந்து பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும், அண்மையில் நம் சங்கக் கூடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஒருங்கிருந்து கண்ட இரு திரைப்படங்களைக் குறித்துச் சில சொற்கள் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். கூடத்தில் அமர்ந்து கண் கலங்கியவர்களுள் நானும் ஒருவன் என்ற உரிமையால் இங்கு நிற்கிறேன்.

முதற் படம் ஆங்கிலப் படம். 'கிளேர்மான்ட் விடுதியில் திருமதி பால்ஃப்ரே' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எலிசபெத் டெய்லர் என்னும் நாவலாசிரியை 1971-இல் எழுதிய கதை அது. புகழ்பெற்ற நடிகை வேறு. அதே பெயர் கொண்ட இவ்வம்மையார் வேறு. டான் அயர்லாந்து என்பவர் 2005-இல் அதனைப் படமாக்கினார். நாயகியாக நடித்த ஜோன் ப்ளோரைட் அம்மையார் 2025 சனவரியில் தமது 95-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

கதை சிறியது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், இலண்டன் மாநகரில் முதியோர் பலர் நெடுநாள் தங்கும் ஒரு விடுதிக்கு வந்து சேருகிறார். அந்நகரிலேயே அவருடைய பேரன் இருக்கிறான். அவன் தம்மைக் காண வருவான் என்று விடுதியினரிடம் சொல்லிவிடுகிறார். நாட்கள் செல்கின்றன, பேரன் வரவில்லை. ஒரு நாள் தெருவில் கால் இடறி விழுகிறார். அருகே ஒரு தரைக்கீழ் வீட்டில் வறுமையோடு வாழும் லுடோவிக் என்னும் இளம் எழுத்தாளன் ஓடிவந்து தூக்குகிறான். நன்றியறிதலாக அவனை விடுதிக்கு உணவுண்ண அழைக்கிறார். விடுதியினரோ, வரப்போகிறவன் பேரன்தான் என்று எண்ணிக்கொள்கின்றனர். இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவ்விளைஞனும் பேரனாகவே நடிக்க இசைந்து வந்து அமர்கிறான். அந்த நடிப்பிலிருந்து உண்மையான நட்பு ஒன்று பிறக்கிறது.

நம் கல்லூரி மாணவி ஒருவர் ஆங்கில உரையாடலை அவ்வப்போது தமிழில் சொல்லிவந்தார். இந்த இடம் வந்தபோது அவரும் வாய் மூடி இருந்துவிட்டார். ஒருவரும் பொருள் கேட்கவில்லை. படம் முடிந்தபின், "பெரியவங்க பொய் சொல்லலாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பின்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "அது பொய்யில்லடா கண்ணு. வராத பேரனை நாலு பேர் முன்னால விட்டுக்கொடுக்க மனசு வரல" என்றார். இதனினும் சிறந்த திறனாய்வை நான் எங்கும் படித்ததில்லை.

மறு வாரம் கண்டது தமிழ்ப் படம். மதுமிதா அவர்கள் இயக்கி, 2019 நவம்பரில் வெளிவந்த 'கே.டி. (எ) கருப்புதுரை'. நாடகத் துறையில் நெடுங்காலம் தொண்டாற்றிய பேராசிரியர் மு. இராமசாமி முதியவராக நடித்தார். சிறுவனாக நடித்த நாக விஷாலுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

நம் தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்றொரு கொடிய வழக்கம் உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீர் கொடுத்து, உயிரை முடித்துவிடுவர். நினைவின்றிக் கிடந்த கருப்புதுரை கண் விழிக்கும்போது, தம் மக்களே அதற்கு ஏற்பாடு செய்வது காதில் விழுகிறது. வீட்டை விட்டு வெளியேறுகிறார். வழியில் ஒரு கோயிலில் வளரும் அநாதைச் சிறுவன் குட்டியைச் சந்திக்கிறார். அச்சிறுவன் முதியவரை இரக்கத்தோடு நோக்கவில்லை. பெயரைச் சுருக்கி 'கே.டி.' என்று அழைக்கிறான். அவருடைய ஆசைகளைக் கேட்டு, பத்தாகப் பட்டியலிடுகிறான். பிரியாணி மீது அவருக்கிருந்த தீராத ஆசையும், முன்னொரு காலத்தில் மனத்தில் இடம்பெற்ற வள்ளியைக் காணும் விருப்பமும் அப்போதுதான் வெளிவருகின்றன. பெற்ற மக்கள் கேளாத கேள்வியை வழிப்போக்கச் சிறுவன் கேட்டான்.

அன்பர்களே! ஒன்று செல்வ நாட்டுக் கதை. மற்றொன்று நம் கிராமத்துக் கதை. ஆனால் இரண்டிலும் முதியவருக்குக் கிட்டாதது சோறன்று. அவரை ஒரு தனி மனிதராக எண்ணிப் பேசும் துணையே கிட்டவில்லை. பெற்றோரைப் பேண நம் நாட்டில் 2007-இல் சட்டம் வந்தது. அது பராமரிப்புத் தொகையை வாங்கித் தரும். தனிமையைப் போக்கவென்றே பிரிட்டன் அரசு 2018-இல் ஓர் அமைச்சருக்குப் பொறுப்பளித்தது. இவை வேண்டுவனவே. ஆயினும் மாலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து அமர்ந்து பேசுவதற்கு எந்தச் சட்டமும் ஆளனுப்ப இயலாது.

இதை நான் படத்தைக் கண்டபின் உணர்ந்தேனேயன்றி, உணர வேண்டிய காலத்தில் உணரவில்லை. என் தாயார் மறைந்தபின் தந்தையாரைத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இத்தீவுக்கு அழைத்து வந்தேன். வேளைக்கு உணவு, மருந்து, தனிக் கட்டில் எல்லாம் இருந்தன. ஆறு மாதம் கழிந்ததும், "ஊருக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடுய்யா" என்றார். இங்கே என்ன குறை என்று சினந்து கேட்டேன். "குறை ஒண்ணுமில்லய்யா. என்னை 'ஏலே'ன்னு கூப்பிட இங்க ஒருத்தனும் இல்லை" என்றார். அது நன்றி மறந்த பேச்சு என்று அன்று எண்ணினேன். தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில்வேக்கு என்ன வேலை என்று நீங்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து, சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு அவருடைய பயணச்சீட்டை நானே அடித்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார். மூன்று நாள் கப்பலில் சென்று, பதினாறாம் நாள் காரியத்தில்தான் கலந்துகொள்ள முடிந்தது. அவரை 'ஏலே' என்று அழைத்த முதியவர் இருவர் திண்ணையில் அமர்ந்திருந்தனர். அவர் சொல்லி மகிழ்ந்த தீவுக் கதைகளை அவர்கள் எனக்கே எடுத்துரைத்தனர். அவற்றுள் ஒன்றைக்கூட அவர் என்னிடம் பேசியதில்லை. நான் கேட்டதுமில்லை.

என் சாளரத்துக்கு இன்றும் அத்தகையோர் வருகின்றனர். முகத்தைக் கண்டதும் இது சாவுப் பயணம் என்று தெரிந்துவிடும்.

முதுமையும் நட்பும் நம் இலக்கியத்துக்குப் புதியன அல்ல. நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனுக்கு உயிர் நண்பரானவர் பிசிராந்தையார். ஆண்டுகள் பல சென்றும் உமக்கு நரை தோன்றாதது எப்படி என்று சான்றோர் வினவ, அவர் கூறிய விடை புறநானூற்றில் இருக்கிறது. மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என்று வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் வாழும் பண்பட்ட சான்றோரைக் காரணம் காட்டுகிறார். ஒருவர் மூத்துத் தளராமல் இருப்பதற்கு வீடு மட்டுமன்று, ஊரும் பொறுப்பு என்பது அதன் கருத்தென நான் கொள்கிறேன்.

நாமோ உற்றாரை விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். அண்டை வீட்டாரே இங்கு நமக்கு அத்தையும் மாமனும். இரத்த உறவில்லாத லுடோவிக்கும் குட்டியும் செய்ததைச் செய்ய நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? ஆதலால் இச்சபைமுன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நம் குடியிருப்பில் உள்ள முதியோரை ஞாயிறு மாலைதோறும் இளைஞர்கள் இக்கூடத்துக்கு அழைத்து வரவேண்டும். நடக்க இயலாதவர் வீட்டுக்கு நாமே செல்லவேண்டும். சென்று நலம் விசாரித்துத் திரும்பாமல், அவர்தம் விருப்பம் யாதெனக் கேட்க வேண்டும். இரண்டாவது, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தபின் முகம் பார்த்துப் பேசும் வசதி நமக்கு எளிதாகிவிட்டது. அதில் பேரப்பிள்ளைகளை மட்டும் காட்டாமல், ஊரிலுள்ள அவர்தம் பழைய தோழர் ஒருவரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேச வையுங்கள். அவர் மறுமுனையில் 'ஏலே' என்று அழைக்கட்டும்.

என் தந்தையாருக்கு நான் செய்யத் தவறியதை உங்கள் பெற்றோருக்கு நீங்கள் செய்தால், அதனையே அவருக்குச் செய்த கடனாக ஏற்றுக்கொள்வேன்.