தராசுத் தட்டும் சோற்றுத் தட்டும்

(சிலிம் ரிவர் வட்டாரத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், தோட்ட ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் வேலை பார்த்த டிரெஸர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

உடல் பருமனைக் குறைப்பது பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். அழைத்தவர் என் தொந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் அழைத்தார். சிரிக்கட்டும். பட்டவன் பேச்சு பயன்படும் என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறேன்.

நம் வாழ்வில் தராசு புதிதல்ல. காலையில் வெட்டிய பாலை வாளி வாளியாகக் கொண்டுவந்து நிறுக்கிறோம். அரைக் கிலோ குறைந்தாலும் கிராணியாரோடு வாதாடுகிறோம். ஒட்டுப்பாலையும் விடுவதில்லை. ஆனால் தோழர்களே, அந்தப் பாலைச் சுமந்து வந்த உடம்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது நிறுத்துப் பார்த்தோமா? இல்லை! கால் வீங்கி, கண் மங்கி, மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரித் தராசில் ஏறுகிறோம்.

கணக்கைக் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நம் இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31! 2023-இல் எடுத்த ஆய்வில், வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தனர். நான் வேலை பார்த்த காலத்தில் காலில் புண்ணோடு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களில் சிலர் விரலை இழந்தார்கள், சிலர் காலையே இழந்தார்கள். கால் போனால் நிரை ஏது? நிரை போனால் சம்பளம் ஏது? ஆகவே இது அழகுக்காகப் பேசும் பேச்சல்ல, பிழைப்புக்காகப் பேசும் பேச்சு.

இந்த நிலை எப்படி வந்தது? நாம் பெருந்தீனிக்காரர்களா? இல்லவே இல்லை.

நம் பாட்டன்மார் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து வெட்டினார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் காண்டா கட்டிப் பால் தூக்கினார்கள். அந்த உழைப்புக்கு ஒரு மலைச் சோறு தேவைப்பட்டது. அது வியர்வையாகவே வெளியேறியது. பிறகு கித்தாக் காடுகள் செம்பனையாக மாறின. நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும், காவல் வேலைக்கும், லாரிக்கும் போனார்கள். 2003-இல் தஞ்சோங் மாலிமில் கார் ஆலை வந்தது. உழைப்பு மாறியது. தட்டு மட்டும் மாறவில்லை! பாட்டன் சாப்பிட்ட அளவு சோற்றைப் பேரன் சாப்பிடுகிறான். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1942 ஜனவரி 7-ஆம் நாள் இதே சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை தோற்றது. அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் முன்னோர்கள். பசியைக் கண்ட தலைமுறை, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ அய்யா" என்று சொல்லித்தான் அன்பைக் காட்டியது. குண்டான குழந்தை என்றால் பஞ்சம் தீண்டாத குழந்தை என்று மகிழ்ந்தது. அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்றைய பயம் இன்றைய தட்டில் குவிந்து கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் உணவு மட்டமானது என்று எவரும் எண்ண வேண்டாம். இந்நாட்டு வரலாறே அதற்குச் சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். டாக்டர் பிளெட்சர் என்பவர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பாதியினருக்கு வெள்ளை அரிசியும் மறு பாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் எவரும் அந்நோயால் சாகவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது. உலகத்துக்கே பாடம் சொன்ன அரிசியை விட்டுவிட்டு, வெள்ளை வெளேரென்ற அரிசிக்கு நாம் தாவிவிட்டோம்! புழுங்கலரிசி என்பதற்காக மலைபோல் குவிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நம் பழக்கத்தில் நல்லதும் இருந்தது என்கிறேன்.

இப்போது என் கதை. எனக்கு 92 கிலோ எடை இருந்தது. ஒரு தைப்பூசத்துக்கு முன் வைராக்கியம் கொண்டேன். சோற்றை அடியோடு நிறுத்தினேன். இரவில் பட்டினி. மூன்று மாதத்தில் 11 கிலோ குறைந்தது. லயத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, ஒரு தீபாவளி. மறு வருடம் தராசில் ஏறினேன். 94 கிலோ! வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

நான் செய்த தவறு என்ன? பால் வெட்டும் உங்களுக்கு அது எளிதில் விளங்கும். பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரம் ஆண்டுக்கணக்கில் பால் தரும். பேராசைப்பட்டு ஆழ வெட்டினால் மரத்தில் காயம்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பிறகு வெட்டவே முடியாமல் போகும். உடம்பும் அப்படித்தான். திடீரென்று பட்டினி போட்டால் பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு எண்ணிக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. எடை குறைந்த பிறகும் அந்தப் பசி நெடுநாள் நீடிக்கிறது. இதை மன உறுதியின்மை என்று சொல்லி ஒருவரை இகழ்வது தவறு.

முதல் வாரத்தில் மளமளவென்று குறைவது கண்டு மயங்காதீர்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால்தானே கிராணியார் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கிறார்? முதலில் குறையும் எடையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதுதான் உலர்ந்த கணக்கு.

இரண்டாம் முறை நான் தொடங்கியது சோற்றிலிருந்து அல்ல, தேநீர்க் குவளையிலிருந்து. கிராணிமார்களே, கணக்குப் போடுங்கள். டின் பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் ஏறக்குறைய 22 கிராம் சீனி. நாளைக்கு மூன்று குவளை என்றால் 66 கிராம். வருடத்துக்கு 24 கிலோ! ஒரு மூட்டைச் சீனியைக் குவளை குவளையாகக் குடித்துத் தீர்க்கிறோம். நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. நான் முதல் மாதம் பாலைப் பாதியாக்கினேன்; அடுத்த மாதம் 'தே ஓ' ஆக்கினேன்; அதற்கடுத்த மாதம் 'கோசோங்'. நாக்கு முதலில் சண்டை போட்டது. பிறகு பழகிவிட்டது. இப்போது பழைய தேநீரைக் குடித்தால் திகட்டுகிறது.

அடுத்தது தட்டு. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்கிறதே, அதுதான். தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. மீதிப் பாதி காய்கறி, கீரை, பழம். இதற்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். லயத்துப் பின்புறம் முருங்கை நிற்கிறது, பொன்னாங்கண்ணி படர்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொரித்த கோழியைவிட இவை மலிவு. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் வயிறும் நிறையும், பசியும் தாமதமாக வரும். எண்ணெயில் மிதக்கும் ரொட்டி சானாயைத் தினசரிப் பலகாரமாக்காமல், என்றோ ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்ல மெல்ல, ஒன்றரை வருடத்தில் 13 கிலோ குறைந்தேன். நான்கு வருடமாகிறது, திரும்ப ஏறவில்லை. காரணம் மூன்று. ஞாயிறு காலைதோறும் தராசில் ஏறுகிறேன். இரண்டு கிலோ கூடினால் அந்த வாரமே விழித்துக்கொள்கிறேன். தினமும் அரைமணி நேரம் நடக்கிறேன். வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. குடும்பமே ஒரே தட்டுக்கு மாறியது. இந்த மூன்றாவதற்குப் பெருமை என் மனைவிக்கே உரியது. ஆனால் தோழர்களே, பாரம் முழுவதையும் அடுப்படியில் நிற்கும் பெண்கள் தலையில் ஏற்றாதீர்கள். தட்டை ஏந்துகிறவனுக்கும் பொறுப்பு உண்டு.

எடை வேகமாகக் குறையவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். 2006-இல் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது! நம்மைப் போன்ற உடம்பு, நம்மைப் போன்ற சாப்பாடு. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாமாகச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள். மற்றவர்கள் இன்றிரவே ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் சோதனைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தக் கூட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் கூட்டங்களில் சீனித் தண்ணீர் கொடுப்பதை நிறுத்துவோம். வேலையிடத்துக் கேண்டீனில் காயும் மீனும் நியாய விலைக்குக் கிடைக்கக் கேட்போம். சம்பள உயர்வுக்குப் போராடிப் பெற்ற வெள்ளியை மருந்துக்கும் கட்டுத் துணிக்கும் கொடுக்கவா பெற்றோம்?

தோழர்களே! பால் குறைந்தால் கேள்வி கேட்கக் கிராணியார் இருக்கிறார். உடம்பு கெட்டால் கேட்க நம்மைத் தவிர ஆளில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் தரப்போகிறார்கள். என் குவளை கோசோங். உங்களுடையது?