வைத்தியசாலையில் முதற் கேள்வி

வைத்தியம் நான்கு கூறுகளை உடையது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்று திருக்குறள் அவற்றை வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் நோயுற்றவருக்கே முதலிடம். அவரையும் ஏனைய மூன்றையும் இணைப்பது பேச்சு. பேச்சுப் பிழைத்தால் நல்ல மருந்தும் நோயாளரைச் சென்றடைவதில்லை.

வவுனியா நகருக்கு வடக்கே, கண்டி வீதியில் உள்ளது ஓமந்தை. போர்க்காலத்திலும் அதன் பின்னர் சில ஆண்டுகளும் இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் வன்னி மக்களின் நினைவுக்கு வந்தது அங்கிருந்த சோதனைச் சாவடியே. பயணிகள் இறங்கி அடையாள அட்டையைக் கையில் ஏந்தி நிற்பர். ஆண்களுக்கு ஒரு வரிசை. பெண்களுக்கு ஒரு வரிசை. தாம் இன்னார் என்பதைப் பிறர் முன்னிலையில் மெய்ப்பித்தாலன்றி அப்பாற் செல்லுதல் இயலாது. 2015இல் அச்சாவடி அகற்றப்பட்டது. ஆயினும் அதனையொத்த ஒரு சாவடி, வைத்தியசாலையின் வாயிலில் சிலருக்கு இன்றும் காத்திருக்கின்றது.

பிறப்பில் பெண்ணெனப் பதியப்பெற்று ஆணாக வாழும் திருநம்பியர், ஆணெனப் பதியப்பெற்றுப் பெண்ணாக வாழும் திருநங்கையர், தம் பாலினத்தவரிடமே அன்பு கொள்ளும் தன்பாலீர்ப்பினர் ஆகியோரே அவர்கள். ஏனையோரைப் போல இவர்களையும் புற்றுநோய் பற்றுகின்றது. திருநம்பி ஒருவருக்குக் கருப்பைக் கழுத்து இருக்குமாயின், அங்கே புற்றுநோய் தோன்றக் கூடும். ஆகவே பரிசோதனையும் வேண்டும். திருநங்கையர் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின்னரும் முன்னிற்கும் சுரப்பி, அதாவது புரோஸ்டேட், உடலில் எஞ்சியிருப்பது வழக்கம். இவற்றை வைத்தியர் அறிய வேண்டுமானால் நோயாளர் சொல்ல வேண்டும். நோயாளர் சொல்ல வேண்டுமானால் அச்சமின்றிச் சொல்லும் இடமாக அஃது இருத்தல் வேண்டும்.

அச்சத்தின் விலை யாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ரொபேட் ஈட்ஸ் ஒரு திருநம்பி. அவருக்குச் சூலகப் புற்றுநோய் கண்டது. ஆண் தோற்றமுடைய ஒருவரைப் பெண்நோய்ப் பிரிவில் ஏற்க வைத்தியர் பலர் மறுத்தனர். சிகிச்சை தாமதமாயிற்று, நோய் முற்றியது. 1999இல் அவர் இறந்தார்.

இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கான சுகநலப் பரிசோதனை நிலையங்கள் நடைபெற்று வருகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிதல் அவற்றின் பணிகளுள் ஒன்று. ஆனால் தாடி வளர்ந்த திருநம்பி ஒருவர் சேலையணிந்த தாய்மார் நடுவே அமர்ந்திருப்பது எங்ஙனம்? அவருடைய அட்டையைக் கையில் எடுப்பவர் உரத்த குரலில் பெயரைக் கூப்பிட்டால், மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். மறுமுறை அவர் வரமாட்டார்.

ஓமந்தையிலிருந்து புறப்படும் நோயாளர் முதலில் வவுனியா வைத்தியசாலைக்கும், மேற்சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல நேரிடலாம். ஒவ்வோர் இடத்திலும் புதிய பதிவு, புதிய கேள்வி. தேசிய அடையாள அட்டையின் எண்ணிலேயே பால் பதிந்திருக்கின்றது. பெண்களாயின் பிறந்த நாளைக் குறிக்கும் எண்ணோடு 500 கூட்டப்பெறும். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பதிவுகளைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. எனினும் அச்சான்றிதழைப் பெறாதவரும் நோயாளரே.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு செய்தியைக் கருதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் இத்துறைப் பயிற்சி பெறுவோர், அவன், அவள் என்னும் சுட்டுப் பெயர்களில் பெரிதும் இடர்ப்படுவர். தமிழில் ‘நீங்கள்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ‘வந்தார்’, ‘இருந்தார்’ என்னும் மரியாதைச் சொற்கள் எவருக்கும் பொருந்துவன. இடர் வருவது உறவுப் பெயரால். ‘அம்மா, இப்படி வாங்கோ’, ‘தம்பி, அங்கே இருங்கோ’ என்று அன்போடு அழைப்பது வன்னி மக்களின் நற்பழக்கம். அந்த அன்புச் சொல்லே ஒருவரைக் குத்தவும் கூடும். ஆகவே ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?’ என்று ஒருமுறை கேட்டறிந்து, அதனை அட்டையிற் குறித்துக்கொள்வதே முறை.

‘கலியாணம் முடிந்ததா?’ என்பது மற்றொரு வழக்கமான கேள்வி. தன்பாலீர்ப்பினர் ஒருவர் இதற்குப் பொய் சொல்ல நேரும். முதற் பொய்க்குப் பின்னர் மெய் வெளிவருதல் அரிது. ‘உங்களுக்கு உறுதுணையாக இருப்பவர் யார்? சிகிச்சை பற்றி யாருக்குச் சொல்லலாம்?’ என்று கேட்டால் பல ஆண்டுகள் கூடி வாழ்ந்த துணையின் பெயர் வெளிவரும். போரில் உற்றாரை இழந்து தனித்து வாழ்வோர் பலருள்ள வன்னியில், இக்கேள்வி எல்லா நோயாளருக்கும் ஏற்றதே.

இத்தகைய பேச்சு பழக்கத்தினால் வருவது, பயிற்றுவித்தல் கூடும். நியூயோர்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில், நோயாளராக நடிப்போருடன் உரையாடிப் பழகும் முறை கையாளப்படுகின்றது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் இக்கல்வியின் தேவையை வற்புறுத்தியது. தமிழ்நாட்டில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மருத்துவப் பாடநூல்களில் இவர்களை இழிவுபடுத்தும் பகுதிகள் ஆராயப்பட்டன. 2022இல் மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் தமிழ்நாட்டு அரசு வெளியிட்டது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழல் நோயாளர் மனத்திற் படிந்துள்ளது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டம் மாறுதல் பாராளுமன்றத்தின் பொறுப்பு. நோயாளர் கூறியதை மறைவாகக் காப்பது வைத்தியரின் பொறுப்பு. அதற்குப் பாராளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வைத்தியருக்கு மாத்திரம் பயிற்சி அளித்தால் போதாது. பதிவு மேசையில் இருப்பவர், தாதியர், சிற்றூழியர், வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய அனைவரும் அதனைப் பெறுதல் வேண்டும். கேள்வியைக் கேட்குமுன் அதன் காரணத்தைச் சொல்லவும், தனியிடத்திற் கேட்கவும், தவறாக அழைத்துவிட்டால் சுருக்கமாக மன்னிப்புக் கேட்டு மேலே செல்லவும் அவர்கள் பழகுதல் வேண்டும். மார்பில் ஒரு கட்டியோடு ஓமந்தையில் பேருந்து ஏறும் ஒருவர், உரிய காலத்தில் சிகிச்சை பெறுவதும் பாதிவழியில் திரும்பிவிடுவதும், பதிவு மேசையில் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வியைப் பொறுத்ததாக இருக்கக் கூடும்.