விலைக்கு வாங்கிய பட்டம்



பள்ளித் தலைவரின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றிருந்தால் நம் உள்ளம் நிறைவடைகின்றது. எத்தனை ஆண்டு உழைப்போ என்றெண்ணி மதிப்பளிக்கின்றோம். அந்த மதிப்பையே சிலர் சந்தைச் சரக்காக்கி விட்டனர்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் பகுதியிலிருந்து ஒரு தம்பதியர் 'செயின்ட் ரெஜிஸ்' என்ற பெயரில் பட்டம் விற்றனர். வகுப்பறை இல்லை, பேராசிரியர் இல்லை. 'வாழ்க்கை அனுபவமே' தகுதி! லைபீரிய நாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்து அங்கீகாரமும் பெற்றுக் கொண்டனர். 9,000க்கும் மேற்பட்டோர் வாங்கினர். ஜார்ஜியா மாநில ஆசிரியர்கள் சிலர் அந்தப் பட்டத்தைக் காட்டி ஊதிய உயர்வு கேட்டது 2004இல் வெளிப்பட்டது. தம்பதியர் 2008இல் சிறைத்தண்டனை பெற்றனர்.

அதே ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்டு உயர்நிலைப் பள்ளி நிர்வாகம் செய்தியில் அடிபட்டது. அதன் கண்காணிப்பாளரும் வேறிரு உயர் அதிகாரிகளும் 'பிரையர் ஸ்டேட்' என்னும் அங்கீகாரமற்ற நிறுவனத்திடம் முனைவர் பட்டம் பெற்றிருந்தனர். கட்டணத்தைச் செலுத்தியது பள்ளி நிர்வாகம்! பட்டம் வந்தபின் ஆண்டுக்கு 2,500 டாலர் ஊதிய உயர்வு வேறு. அத்தனையும் பிள்ளைகளின் கல்விக்கென்று மக்கள் கட்டிய வரிப்பணம். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வாங்கியவர்களும் ஏமாந்தவர்கள்தாமே என்று இரக்கப்படுவோர் உண்டு. வெளியூர் ஏழை மாணவன் ஏமாறுவான்; ஒப்புக் கொள்ளலாம். பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கல்வி அதிகாரிக்குத் தம் சான்றிதழின் தரம் தெரியாதா? தேர்வில் பார்த்தெழுதிய சிறுவனை அவர் எந்த முகத்தோடு கண்டிப்பார்? தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் பொய்யின் ஆடைக்கு ஒப்பிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது.

நியூஜெர்சி அரசு 2010இல் சட்டம் இயற்றியது: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்றால்தான் பள்ளி ஊழியருக்குக் கல்விக் கட்டண உதவி. ஊர்ப் பெற்றோர் கணக்குக் கேட்டதன் பின்னரே இது நடந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது. பிள்ளையைச் சேர்க்குமுன் அதைப் பாருங்கள். 'டாக்டர்' பட்டம் எங்கே பெற்றது என்று பள்ளியில் பணிவோடு கேளுங்கள்.